கிளியிடம் இல்லாத பச்சை

பச்சைக்கிளியின் இறகில் பச்சைச் சாயம் கிடையாது. இதைப் படித்த அன்று எனக்குச் சிரிப்புதான் வந்தது. புடவைக் கடையில் 'கிளிப்பச்சை' என்று கேட்டு வாங்குகிறோம். ஒரு நிறத்துக்கே தன் பெயரைக் கொடுத்த பறவையிடம் அந்த நிறம் ஒரு சொட்டுகூட இல்லை என்றால் எப்படி நம்புவது? அதுவும் ராயப்பேட்டையில் வளர்ந்தவன் நான்.

கிளியைப் பற்றி எங்களுக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டாம் என்ற மிதப்பு எங்கள் பேட்டைக்காரர்களுக்கு உண்டு. பாரதி சாலையில் (எங்கள் வீட்டில் இன்றும் அது பைக்ராப்ட்ஸ் ரோடுதான்) கேமரா பழுதுபார்க்கும் ஜோசப் சேகர் மொட்டை மாடியில் பலகைகளைப் பரப்பி, ஊறவைத்த அரிசியைக் கிளிகளுக்கு வைத்துவந்தார். 2004 சுனாமிக்குப் பிறகு இரண்டொரு கிளிகள் வந்ததில் தொடங்கிய வேலை அது. பிறகு ஆயிரக்கணக்கில் வர ஆரம்பித்தன. அந்த நாட்களில் சாயங்காலம் அந்தப் பக்கம் போனால் மின்கம்பி தெரியாது, கிளிதான் தெரியும். ஸ்கூட்டரை நிறுத்திவிட்டு அண்ணாந்து பார்க்கிற கூட்டத்தில் நானும் எத்தனையோ முறை நின்றிருக்கிறேன். அத்தனை பச்சையும் இல்லாத பச்சையா?

ஆமாம் என்கிறது அறிவியல். கிளியின் இறகில் இருப்பது மஞ்சள் நிறமி. அதைக் கிளி தன் உடம்பிலேயே தயாரித்துக்கொள்கிறது. பூநாரை மாதிரி தின்பதிலிருந்து கடன் வாங்குவதில்லை. அந்த மஞ்சளோடு ஒரு நீலம் கலப்பதால் நம் கண்ணுக்குப் பச்சை. அந்த நீலத்தில்தான் விஷயமே இருக்கிறது, ஏனென்றால் நீலச் சாயமும் இறகில் கிடையாது. நகமும் தலைமுடியும் எதனால் ஆனதோ அதே கெரட்டின், நடுநடுவே காற்று. பஞ்சு போன்ற அந்த அமைப்பில் ஒவ்வோர் இடைவெளியும் தலைமுடியின் பருமனில் சில நூற்றில் ஒரு பங்குதான். அந்த அளவு நீல ஒளியின் அலைநீளத்தோடு ஒத்துப்போவதால், விழுகிற வெளிச்சத்தில் நீலம் மட்டும் வலுவாகத் திரும்பி வருகிறது. மற்றதை அடியிலிருக்கும் கறுப்பு நிறமி விழுங்கிவிடுகிறது. நிஜமான பச்சை நிறமி உள்ள பறவைகளைத் தேடினால் ஆப்பிரிக்காவின் டுராக்கோ போல விரல்விட்டு எண்ணக்கூடியவைதான் கிடைக்கும். கடையில் கூண்டில் வைத்து விற்கிறார்களே நீல பட்ஜிக் கிளி, அதற்குப் புதிதாக நீலம் எதுவும் வந்து சேரவில்லை. மஞ்சள் தயாரிக்கும் மரபணு ஒன்று பழுதானதால் மிச்சமிருந்த நீலம் வெளியே தெரிகிறது, அவ்வளவே. அந்த மரபணுவை 2017இல் கண்டுபிடித்தார்கள்.

ஸ்ரீவில்லிபுத்தூர் ஆண்டாளின் கையிலுள்ள கிளியை நாள்தோறும் புதிதாக இலைகளால் கட்டுகிறார்கள். இலையில் இருப்பது அசல் பச்சையம். ஆக, இலைக்கிளியின் பச்சைதான் சாயப் பச்சை, உயிர்க்கிளியின் பச்சை அப்படியில்லை! இதை நினைக்கும்போதெல்லாம் எனக்குத் தலை சுற்றும்.

பாரதி சாலை கடற்கரைப் பக்கம் போய் முடிகிற இடத்தில் மாநிலக் கல்லூரி இருக்கிறது. சி.வி. ராமன் 1904இல் பி.ஏ.வும் 1907இல் எம்.ஏ.வும் முடித்தது அங்கேதான். கடல் ஏன் நீலம் என்று அவர் கேட்டது ஊரறிந்த கதை. இறகு ஏன் நீலம் என்றும் கேட்டிருக்கிறார் என்பது எனக்குப் பின்னால்தான் தெரிந்தது. பனங்காடையின் இறகை ஆராய்ந்து 1934இல் கட்டுரை எழுதினார். வானத்து நீலத்துக்குச் சொல்லும் எளிய ஒளிச்சிதறல் விளக்கம் இறகுக்குப் போதாது என்பது அவருடைய சந்தேகம். அந்தச் சந்தேகம் சரி என்று காட்டும் தெளிவான அளவீடு 1998இல்தான் வந்தது. கல்லூரிப் பையனாக ராமன் இந்தத் தெருக்களில் நடந்த நாளில் தலைக்கு மேலே கிளி பறந்திருக்காதா என்று நான் பெருமைப்பட்டுக்கொள்வது உண்டு. ஆதாரமில்லாத பேட்டைப் பெருமை, விட்டுவிடுவோம்.

என்னைப் பிடித்துக்கொண்டது வேறொன்று. அந்த நீலம் ஒரு பொருளாக இல்லை, அடுக்காக இருக்கிறது. இறகை அம்மியில் வைத்து நசுக்கினால் நீலம் போய்விடும். கெரட்டின் அதேதான், எடை அதேதான், எதுவும் குறையவில்லை. அடுக்கு கலைந்தது, நிறம் போயிற்று.

இங்கேதான் என் அப்பா வருகிறார்.

அப்பா கம்பாசிட்டர். ராயப்பேட்டைச் சந்து ஒன்றில் இருந்த அச்சகத்தில் முப்பது வருஷத்துக்கு மேல் ஈய எழுத்துக் கோத்தவர். கம்ப்யூட்டர் வந்து அந்த வேலை போன பிறகும் வாய் போகவில்லை. டீக்கடையில் நாலு பேர், பழைய பேப்பர் கடையில் இரண்டு பேர், மணிக்கூண்டுப் பக்கம் யாராவது ஒருவர் என்று காலை ஆறு மணிக்குக் கிளம்பினால் ஊர்வம்பு மொத்தத்தையும் அள்ளிக்கொண்டு எட்டரைக்கு வருவார். கிண்டல் இல்லாமல் அவருக்கு ஒரு வாக்கியம் முடியாது. "கலகலன்னு பேசறது அவர் ரத்தத்துலயே இருக்கு" என்பாள் அம்மா.

அம்மா போன பிறகு அவரை சோழிங்கநல்லூரில் என் ஃபிளாட்டுக்கு அழைத்து வந்தேன். ஒன்பதாவது மாடி. லிஃப்ட், காற்று, வேளைக்குச் சாப்பாடு எல்லாம் உண்டு. ஆறு மாதத்தில் பேச்சு குறைந்தது. ஒரு வருஷத்தில் கேட்டால் மட்டும் பதில். சர்க்கரை, தைராய்டு என்று எல்லாம் சோதித்துப் பார்த்தோம், குறை எதுவும் இல்லை. "வயசாச்சு, அப்படித்தான்" என்றார்கள், நானும் அப்படியே நம்பினேன். ரத்தத்தில் இருந்த கலகலப்பு ரத்தத்திலேயே வற்றிவிட்டது போலும் என்று எடுத்துக்கொண்டேன். என் சௌகரியத்துக்கு ஏற்ற விளக்கம் அது.

போன வருஷம் சொந்தத்தில் ஒரு கல்யாண வரவேற்பு, ராயப்பேட்டையில். சீக்கிரமே போய்விட்டதால் பாரதி சாலையில் கொஞ்சம் நடந்தோம். பத்து நிமிஷம்கூட ஆகியிருக்காது. ஒரு கடைக்காரர், "என்ன சார், இன்னும் இருக்கீங்களா?" என்று கேட்டார். "உன் பழைய பாக்கி வசூலாகாம எப்படிப் போறது?" என்றார் அப்பா. இரண்டு வருஷமாக நான் கேட்காத குரல்.

அதற்காக எல்லாமே அடுக்குதான் என்று முடிவுகட்டவும் எனக்குத் தயக்கம். அப்படிச் சொன்னால் கோபக்காரன் தன் கோபத்துக்கு வீட்டைக் காரணம் காட்டுவான், சோம்பேறி தெருவைக் காட்டுவான். நானே என் அலுவலகத்தைக் காட்டுகிறவன்தான். கிளியிடமும் மஞ்சள் அதன் சொந்த உழைப்பு. அப்பாவிடமும் அப்படி ஒன்று மிஞ்சியிருந்தது. வாய் திறக்காத அந்த நாட்களிலும் அடுக்குமாடிச் சங்கத்தின் அறிவிப்புப் பலகை முன்னால் நின்று, பாக்கெட்டிலிருந்து பேனாவை எடுத்து, 'தன்னீர்' என்பதைத் 'தண்ணீர்' ஆக்கிவிட்டுத்தான் லிஃப்டில் ஏறுவார். செயலாளர் ஒருமுறை என்னிடம் முறையிட்டார். அந்த மஞ்சளை அன்று நான் தொந்தரவு என்றுதான் கணக்கில் எழுதினேன்.

கல்யாண வரவேற்புக்குப் போன அன்று நடைபாதையில், ஒரு மரத்தடியில் கிளி இறகு ஒன்று கிடந்தது. எடுத்துச் சாயங்கால வெயிலுக்கு நேரே பிடித்துப் பார்த்தேன். வெளிச்சம் பின்னாலிருந்து ஊடுருவி வரும்போது பச்சை மங்கி, பழுப்பும் மஞ்சளுமாகத் தெரிந்தது. கையைத் தாழ்த்தினால் மறுபடியும் கிளிப்பச்சை. அப்பாவிடம் நீட்டி, நிறமி, கெரட்டின், ராமன் என்று ஒரே மூச்சில் சொல்லி முடித்தேன். வாயைப் பிளப்பார் என்று எதிர்பார்த்தேன்.

"இதுல என்னடா அதிசயம்?" என்றார். "ஃபாரத்தைக் கோத்து வச்சா கல்யாணப் பத்திரிகை. பிரிச்சு கேஸ்ல போட்டா ஈயம். எடை போட்டுப் பாரு, ஒரு குந்துமணி குறையாது."

இறகை வாங்கி, அவரும் ஒருமுறை வெயிலுக்கு நேரே பிடித்துப் பார்த்துவிட்டு, மரத்தடியிலேயே போட்டார்.

அதன் பிறகு ஞாயிற்றுக்கிழமைகளில் அவரை ராயப்பேட்டையில் கொண்டுவந்து விடுகிறேன். எல்லா ஞாயிறும் முடிவதில்லை. போக ஒன்றரை மணி நேரம், வர ஒன்றரை மணி நேரம். ஒரு ஞாயிறைத் தவறவிட்டால் புதன்கிழமைக்குள் எனக்குத் தெரிந்துவிடும். நிரந்தரமாக இங்கேயே ஒரு வீடு பார்க்கலாம்தான். வாடகையைக் கேட்டு இரண்டு முறை திரும்பி வந்திருக்கிறேன், மகளின் பள்ளி அங்கே இருக்கிறது. தெரிந்துகொண்டது ஒன்று, செய்ய முடிவது ஒன்று.

போன வாரம் மெட்ரோ வேலைக்காக அடைத்திருந்த தகரத் தடுப்பின் ஓரமாக நடந்துகொண்டிருந்தோம்.

"இந்தப் பாதை சோழிங்கநல்லூர் வரைக்கும் வருதாமே?"

"ஆமாம்பா."

"எப்போ முடியுமாம்?"

எனக்குத் தெரிந்த வருஷத்தைச் சொன்னேன். அவர் மனசுக்குள் ஏதோ கூட்டிப் பார்த்தார். பிறகு தடுப்பில் யாரோ ஒட்டியிருந்த நோட்டீஸ் பக்கம் போய், சந்திப்பிழை இருந்த இடத்தை விரலால் தொட்டு, "பேனா வச்சிருக்கியா?" என்றார்.