மா குழைத்தலும் பொய் சொல்லலும்

ஆங்கிலத்தில் 'ஃபெயின்' என்றொரு வினைச்சொல் உண்டு. இல்லாததை இருப்பதுபோல் காட்டுவது, பாசாங்கு செய்வது என்பது இன்று அதற்குப் பொருள். அகதி விசாரணைக்குப் போய்வந்த எம்மில் பலர் இச்சொல்லை அறியாவிட்டாலும் அது சுமத்தும் சந்தேகத்தை நன்கு அறிவோம்.

ஆனால் இச்சொல் குற்றத்தோடு பிறந்ததல்ல. பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்கு வந்த இதன் மூலம் 'ஃபிங்கெரே' என்ற லத்தீன் வினை. களிமண்ணைப் பிசைந்து உருவம் செய்வதையும் அது குறித்தது. குழைத்த மாவைச் சுட்டும் 'டோ' என்ற ஆங்கிலச் சொல்லும் அதே ஆதிவேரில் முளைத்ததே. உணவகமொன்றில் நாளாந்தம் மா குழைக்கும் எனக்கு இந்த உறவு நியாயமாகவே படுகிறது. எமது 'புனைதல்' என்ற சொல்லும் ஆக்குதல், அலங்கரித்தல், இட்டுக்கட்டுதல் எல்லாவற்றையும் சுமக்கிறதல்லவா?

அப்படியானால் உருக்கொடுத்தல் எங்கே பொய்யாகிறது? 1713இல் வெளிவந்த 'பிரின்சிப்பியா'வின் இரண்டாம் பதிப்பில், ஈர்ப்பின் காரணம் பற்றிக் கருதுகோள்களைப் புனைய மறுத்த நியூட்டன் இதே லத்தீன் வினையைத்தான் எடுத்தாண்டார். அவரது நூல் முழுவதுமே உருக்கொடுத்தல்தான். அவர் மறுத்தது, மா இல்லாமல் ரொட்டி சுடுவதை.

விசாரணை அறைக்கும் இது பொருந்தும். எமது நினைவுகள் துண்டுதுண்டாகக் கிடக்கின்றன. அதிகாரி கேட்பதோ திகதி வரிசையில் ஒரு கதை. ஆகவே உண்மையையும் குழைத்தே கொடுக்க வேண்டியிருக்கிறது. குழைக்கத் தெரிந்தவன் நம்பப்படுகிறான். திகதி தடுமாறுபவன் பாசாங்குக்காரனாகிறான். உண்மையாக முயன்றும் ஆதாரம் காட்ட முடியாதவருக்குச் சந்தேகத்தின் பலனை அளிக்க வேண்டும் என்ற கருத்தை ஐ.நா. அகதிகள் உயர் ஆணையகம் 1979இல் வெளியிட்ட கைநூல் வலியுறுத்துகிறது. கையில் மாவுள்ளவனின் ரொட்டி கோணலாக இருக்கலாம் என்பதை ஏற்கும் நீதி அது.

எம்மவர் சிலர் ஒரே அச்சில் வார்த்த கதைகளைக் காசுக்கு விற்பதையும் பேசாமல் விடமுடியாது. வயிற்றுப்பாடு என்று அதை நியாயப்படுத்துகிறோம். ஆனால் அதன் விலையைக் கொடுப்பவன், அடுத்த கதிரையில் உண்மையோடு தடுமாறிக்கொண்டிருப்பவன்.

மயங்கி விழுவதைக் குறிக்கும் 'ஃபெயின்ற்' என்ற ஆங்கிலச் சொல்லும் பாசாங்கைக் குறித்த அதே பிரெஞ்சுச் சொல்லின் பிள்ளை. போலியானது, கோழையானது, பலவீனமானது என்று பொருள் மாறி மாறிக் கடைசியில் மெய்யான மயக்கத்துக்கே பெயராயிற்று. விழுகிறவனைப் பார்த்து நடிக்கிறான் என்று சொல்ல வாயெடுக்கும் எவரும், அதிகாரியானாலும் நாமானாலும், இந்த இரண்டு சொற்களும் ஒரு வயிற்றில் பிறந்தவை என்பதை நினைத்துக்கொள்வது நல்லது.