யாருடைய நோய்?

தீராத நோயைத் தீர்க்க இயலாத மருத்துவம் அதை நோயாளியிடமே ஒப்படைத்துவிட்டு, அந்த ஒப்படைப்புக்குச் ‘சுயநிர்வாகம்’ என்று பெயர் சூட்டிக்கொண்டது எனக் கேலியாகச் சொல்லிவிடலாம். விஷயம் அவ்வளவு லேசானதல்ல. 1970களின் இறுதியில் அமெரிக்காவில் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் கேட் லோரிக் மூட்டுவாதக்காரர்களுக்கு வகுப்புகள் தொடங்கினார். நடத்தியவர்கள் டாக்டர்கள் அல்ல. பெரும்பாலும் அதே நோய் உள்ள சாதாரண மனிதர்கள். வந்தவர்களுக்கு வலி குறைந்தது. விசித்திரம் என்னவென்றால், கற்றுக்கொடுத்த பயிற்சிகளை யார் ஒழுங்காகச் செய்தார்கள் என்பதோடு இதற்கு நெருங்கிய தொடர்பு தென்படவில்லை. ‘இதை என்னால் சமாளிக்க முடியும்’ என்ற உணர்வோடுதான் தொடர்பு இருந்தது. உளவியலாளர் ஆல்பர்ட் பாந்துரா 1977இல் எழுதிய தன்திறன் நம்பிக்கை இதுவே.

இதை ஒப்புக்கொண்டால் குடும்பத்தின் உதவி சங்கடமான காரியமாகிவிடுகிறது. தாங்கிப் பிடிக்கிற கை அந்த உணர்வையும் சேர்த்து வாங்கிக்கொண்டுவிடலாமே. பார்பரா ஆண்டர்சனும் ஜேம்ஸ் காயினும் 1991இல், நாட்பட்ட நோயுள்ள குழந்தைகளின் பெற்றோரைப் பற்றி எழுதியபோது, தடம்புரண்ட உதவி என்று பொருள்படும் ஒரு சொல்லைக் கையாண்டார்கள். அக்கறையில் தொடங்குகிறது. குழந்தையின் உடல்நிலை பெற்றோரின் வெற்றி தோல்வியாக மாறுகிறது. பிறகு கண்காணிப்பு, குற்றச்சாட்டு, பொய். அன்பு இல்லாத வீட்டில் இது நிகழ வழியில்லை என்பதுதான் கொடுமை.

நீரிழிவில் பொய்க்கும் இப்போது இடம் குறைவு. ரத்தத்தின் சிவப்பணு சுமார் 120 நாள் வாழ்கிறது. அதில் ஒட்டிய சர்க்கரையை அளக்கும் ஹெச்பிஏ1சி பரிசோதனை இரண்டு மூன்று மாதச் சராசரியைச் சொல்லிவிடுகிறது. வங்கியில் பிறர் கணக்கைப் பார்த்துப் பிழைப்பவனாதலால் சராசரியின் மேல் எனக்கு மரியாதை சற்றுக் குறைவு. ஒரே சராசரி இருப்புள்ள இரண்டு கணக்குகளில் ஒன்று நிம்மதியாகவும் மற்றொன்று மாதக் கடைசியில் துடைத்துவிட்டாற்போலவும் இருக்கும். நடுராத்திரியில் சர்க்கரை இறங்கி, வியர்த்து நடுங்கி எழுந்தவனை அந்த எண்ணுக்குத் தெரியாது. வீட்டிலோ அது தீர்ப்பாகவே வாசிக்கப்படுகிறது. என் அலுவலக நண்பர் ஒருவர் மாலையில் டீக்கடையில் நின்று வடை தின்பது பசிக்காக அல்ல. பத்து நிமிஷம் நோயாளியாக இல்லாமலிருக்க.

இதனால் ‘என் உடம்பு, என் இஷ்டம்’ என்ற கட்சியில் நான் சேர்ந்துவிடவில்லை. ஜூலியட் கார்பினும் ஆன்செல்ம் ஸ்ட்ராஸும் 1988இல் வெளியிட்ட நூலில், வீட்டில் நோயைப் பார்த்துக்கொள்வது கணவனும் மனைவியும் பங்குபோட்டுக்கொள்ளும் ஓயாத வேலை என்று காட்டினார்கள். நாளைக்குக் கால் புண்ணுக்குக் கட்டுப்போடப் போகிறவள் இன்று தட்டைப் பார்க்கக் கூடாது என்று எந்தச் சுதந்திரத்தின் பேரால் சொல்வது? கேட்கிற உரிமை அவளுக்கு உண்டு. சட்டைப் பையைச் சோதனை போடுகிற உரிமை உண்டா என்பதில்தான் எனக்குத் தகராறு.

ஆனால் இவ்வளவு நேரமும் ஆண்களையும் குழந்தைகளையுமே பேசிக்கொண்டிருக்கிறோம். நம் வீடுகளில் சர்க்கரை உள்ள பெண்ணின் தட்டை யார் பார்க்கிறார்கள்? உதவி தடம்புரள வேண்டுமானால் முதலில் அது கிளம்பியாக வேண்டும். சாப்பாட்டுக்கு முன் போட வேண்டிய மாத்திரையை அவள் சரியாகத்தான் போட்டுக்கொள்கிறாள். பிறகு ஒவ்வொருவருக்காகப் பரிமாறி, கடைசியில், மிஞ்சிய சோற்றைக் குழம்புச் சட்டியிலேயே போட்டுப் பிசைந்துகொண்டு உட்காரும்போது மணி இரண்டரை.