கதிர் நிற்கையில் வரப்பை வெட்டாதே



வயலின் வரப்பை நகர்த்த விரும்புகிறவன் முதலில் விளைந்த கதிரை அறுத்துக் களஞ்சியத்தில் சேர்ப்பான். அப்புறந்தான் மண்வெட்டியை எடுப்பான். ஆயினும் வெளியே மாட்டும் ஹார்டு டிஸ்க்கில் நம்மில் அநேகர் கதிர் நிற்கையிலேயே வரப்பை வெட்டுகிறோம்.

அந்தச் சிறு பெட்டிக்குள் கலியாணப் படங்களும், மரித்த தாயின் குரலும், சில பங்குகளில் ஞானஸ்நானப் புத்தகத்தின் பக்கப் படங்களும் இருக்கின்றன. அதைப் பகுதி பகுதியாகப் பிரித்து வைப்பதைப் பார்ட்டிஷன் என்கிறார்கள். ஒரு பகுதி நிரம்பிவிடுகிறது, பக்கத்தில் இடம் கிடக்கிறது. கொஞ்சம் நகர்த்தினால் போதுமே என்று மனம் சொல்லுகிறது.

நடப்பது என்ன? எந்தப் பகுதி எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்பதை டிஸ்க்கின் தொடக்கத்திலுள்ள ஓர் அட்டவணை சொல்லுகிறது. பழைய எம்.பி.ஆர். முறையில் அது 512 பைட் துண்டொன்றுக்குள் அடங்கும். ஜி.பி.டி. முறையில் அதன் பிரதி டிஸ்க்கின் கடைசியிலும் உண்டு. ஒட்டினாற்போல் காலியிடம் இருந்தால் பகுதியின் முடிவை நீட்டுவது பெரும்பாலும் எளிது. தொடக்கத்தை நகர்த்துவதோ, உள்ளே உள்ள யாவற்றையும் இடம் பெயர்ப்பதாகும். அதற்குப் பல மணி நேரம் பிடிக்கலாம். நடுவில் மின்சாரம் நின்றாலும், கேபிள் கழன்றாலும், பாதி பழைய இடத்திலும் பாதி புது இடத்திலுமாகச் சிதறிப்போகும்.

கோபுரம் கட்ட எண்ணுகிறவன் முதலில் உட்கார்ந்து செலவைக் கணக்கிட வேண்டுமென்று ஆண்டவர் உவமையாய்ப் போதித்தார். தலையான புண்ணியங்கள் நான்கில் விவேகம் முதலாவது. ஆகையால் முதலில் எல்லாவற்றையும் வேறொரு டிஸ்க்கில் பிரதி எடுங்கள். எடுத்ததைத் திறந்து சரிபாருங்கள். டிஸ்க்கில் பிழை உண்டோ என்று சோதியுங்கள். அதன்பிறகே எல்லையைத் தொடுங்கள். வேலை முடியும்வரை கேபிளை அசைக்கவேண்டாம்.

ஒருவேளை இடையூறு நேர்ந்ததா? ஃபார்மட் செய்யலாமா என்று கம்ப்யூட்டர் கேட்கும், சம்மதிக்காதீர்கள். புதிதாய் எதையும் அதில் எழுதாதீர்கள். பகுதி மறைந்தது என்றால் பொருள் அழிந்தது என்று அர்த்தமல்ல. அட்டவணை மாத்திரம் கெட்டிருக்கலாம். அப்படியானால் டெஸ்ட்டிஸ்க் என்னும் இலவச மென்பொருள் இழந்த எல்லையைத் தேடிக் கண்டுபிடிக்கக்கூடும். மீட்கும் கோப்புகளை வேறு டிஸ்க்கிலேயே சேருங்கள். பாதி நகர்ந்து நின்றதையோ மீட்பது மிகக் கடினம். பதற்றத்தில் கண்ட பொத்தானையெல்லாம் அமுக்குகிறவன் மிஞ்சியதையும் இழப்பான்.

இன்னும் ஒன்று கேளுங்கள். நம்முடையதை இழந்தால் அது துக்கம். பிறர் நம்மை நம்பி ஒப்படைத்ததை நம்முடைய அசட்டையால் இழந்தாலோ, அது நீதியைத் தொடும் காரியம். மனச்சாட்சி அதற்குக் கணக்குக் கேட்கும். 1563-ம் ஆண்டில் திரிதெந்தீன் பொதுச்சங்கம், மணமக்களின் பெயரையும் சாட்சிகளின் பெயரையும் பங்குக்குரு புத்தகத்தில் எழுதிப் பத்திரமாய் வைக்கக் கட்டளையிட்டது. 1983-ம் ஆண்டின் திருச்சபைச் சட்டமும் ஞானஸ்நானம், விவாகம், மரணம் ஆகியவற்றின் புத்தகங்களைக் கவனமாய்க் காக்கச் சொல்லுகிறது. படம் பிடித்தாயிற்று என்று மூலப் புத்தகத்தைக் கறையானுக்கு விடலாகாது. புத்தகம் இருக்கிறதென்று பிரதியை அலட்சியம் செய்யவும் ஆகாது.

இன்று மாலையே வீட்டிலுள்ள டிஸ்க்கை எடுத்துப் பாருங்கள். அதில் உள்ளது வேறெங்கும் இல்லையென்றால், இடம் பெருக்கும் எண்ணத்தை ஒத்திவைத்து, முதலில் பிரதி எடுங்கள். அந்த விவேகத்தைச் சர்வேசுரன் நமக்கு அருள்வாராக. ஆமென்.