இல்லமும் இச்சையடக்கமும்

கலாத்தியருக்கு எழுதிய நிருபத்தின் 5ஆம் அதிகாரத்தில் பவுல் வரிசைப்படுத்தும் ஆவியின் கனி ஒன்பதனுள் இறுதியாக நிற்பது இச்சையடக்கம். அதாவது, எழும் ஆசையை அன்பிற்கு உட்படுத்தி ஆளும் திறன். கனி என்பதால் அது இறையருளால் விளைவது. எனினும் 2 பேதுரு முதல் அதிகாரம் விசுவாசிகள் அதனை முயன்று சேர்த்துக்கொள்ளுமாறு பணிப்பதால், அதற்குப் பயிற்சியும் வேண்டும்.

சாம்பல் புதன் முதல் ஈஸ்டர் வரை, ஞாயிறுகள் நீங்கலாக 40 நாள்கள் நீளும் தவக்காலத்தில், இப்பயிற்சிக்குக் குடும்பமே களமாகிறது. வீட்டார் அனைவரும் வெள்ளிக்கிழமை இறைச்சியைத் தவிர்த்து, மிஞ்சிய பணத்தைப் பிள்ளையின் கையாலேயே உண்டியலில் இடச்செய்து, அது பசித்தவருக்குச் சேர்வதையும் காட்டும்போது, தான் விட்டது பிறருக்கு உணவாவதைப் பிள்ளை அறிகிறது. பெற்றோர் தாமே மீறும் நோன்பைப் பிள்ளைக்கு மட்டும் விதித்தால் அச்சமே மிஞ்சும். ஆதலால் பயிற்சி பெற்றோரிடமிருந்தே தொடங்க வேண்டும்.