நசுங்கல் எங்கேடா?

ராஜபாளையம் பக்கம் வந்தால் எங்கள் வீட்டு வாசலில் ஒரு பழைய புல்லட்டைப் பார்ப்பீர்கள். 1955-ல் இங்கிலாந்துக் கம்பெனியோடு கூட்டுச் சேர்ந்து மெட்ராஸில் கட்ட ஆரம்பித்தார்களே, அந்த வம்சம். அப்பாவின் வண்டி. அப்படித்தான் சொல்லிக்கொண்டிருந்தேன்!

எட்டு மாச ஞாயிற்றுக்கிழமைகளைத் தின்றது. போரிங் போட்டுப் புது பிஸ்டன், கார்புரேட்டர், ஒயரிங், சீட்... கடைசியில் டேங்க்கும் புதுசு. சேஸிஸும் இன்ஜின் கூடும்தான் மிச்சம். ஆர்.சி. புக்குக்கு அது போதும்.

தீசியஸின் கப்பலைப் பலகை பலகையாக மாற்றினார்களாம். அது அதே கப்பல்தானா என்று தத்துவவாதிகள் மோதிக்கொண்டதை புளூடார்க் எழுதியிருக்கிறார். 17-ம் நூற்றாண்டில் ஹாப்ஸ் இன்னும் குடைந்தார்: கழற்றிய பலகைகளைச் சேர்த்து ஒருவன் இன்னொரு கப்பல் கட்டினால்?

அவ்வளவு தூரம் போவானேன்? ஸ்ரீவில்லிபுத்தூர் சுமார் 12 கிலோமீட்டர்தான். ஆண்டாளின் இடக்கையில் இருக்கும் கிளியை தினமும் இலைகளால் புதிதாகக் கட்டுகிறார்கள், அலகுக்கு மாதுளம்பூ. 'நேற்றைய கிளி எங்கே?' என்று யாராவது கேட்கிறோமா? அந்தத் தைரியத்தில் அம்மாவைக் கூப்பிட்டேன்.

அம்மா டேங்க்கைத் தடவிப் பார்த்தாள். "நசுங்கல் எங்கேடா?"

நான் பிறந்த ராத்திரி, ஆஸ்பத்திரிக்கு அலறியடித்து வந்த அப்பா காம்பவுண்டுச் சுவரில் இடித்தது. எனக்குத் தெரியாது. கிளி கட்டுகிறவர்களுக்கு எதை மாற்றலாம், எதைத் தொடக்கூடாது என்று பரம்பரையாகத் தெரியும். நான் யாரைக் கேட்டேன்?

பழைய இரும்புக் கடைக்கு ஓடினேன். நல்லவேளை, இன்னும் வெட்டவில்லை. அடியெல்லாம் துரு, ஓட்டை, பெட்ரோல் நிற்காது. புது டேங்க் வண்டியில் இருக்கிறது. பழசு, அம்மாவின் கட்டிலுக்கு அடியில். வண்டியைத் துடைக்கிற அன்றைக்கு அதையும் எடுத்துத் துடைக்கச் சொல்கிறாள்.