மேலுறையும் உள்ளிரும்பும்

கற்றவன் கையால் உழைப்பது இழிவா என்னும் கேள்வி நம் சமூகத்தில் மிகப் பழையது. வாயால் "இழிவன்று" என்று விடை கூறாதார் இலர். கையால் அவ்விடையைக் கூறுவாரோ மிகச் சிலர். மேடையில் உழைப்பின் மேன்மையைப் பேசுவோம். வீடு திரும்பியதும் ஒழுகும் குழாயைத் திருக ஆள் தேடுவோம். நாமும் அண்மைக் காலம் வரை அக்கூட்டத்தைச் சேர்ந்தவர்களாகவே இருந்தோம். ஒரு சிறு விபத்து நம் கண்ணைத் திறந்தது. அதனை நேயர்களுக்கு எடுத்துரைப்பது பயனுடையதெனக் கருதுகிறோம்.

ஜோகூரில், பத்து பகாட் மாவட்டத்தைச் சேர்ந்த சிற்றூர் ஆயர் ஈத்தாம். கோலாலம்பூரினின்றும் ஜோகூர் பாருவுக்குச் செல்லும் பழைய பெருஞ்சாலையும், பத்து பகாட்டையும் குளுவாங்கையும் இணைக்கும் சாலையும் கூடுமிடம் அது. வடக்கு தெற்கு நெடுஞ்சாலை 1994-இல் முழுமை பெறுமுன், தெற்கே செல்வோர் பலரும் இங்கே இறங்கி இளைப்பாறிச் செல்வர். சாலையோரக் கடைகளில் மட்பாண்டம் வாங்கிச் செல்வதும் வழக்கம். இவ்வூர்க்கு அருகிலுள்ள தோட்டமொன்றில் கணக்கெழுதுவது நமது தொழில். மோட்டார் வண்டியின்றித் தோட்டத்தில் வாழ்க்கை நடவாது. வைத்தியரிடம் போவதற்கும் வண்டி வேண்டும். பிள்ளையைப் பள்ளியில் விடுவதற்கும் வண்டி வேண்டும்.

ஒரு மழை மாலையில், செம்மண் பாதையில் நமது வண்டி வழுக்கிச் சிறு பாலமொன்றின் சிமெண்டுத் தூணில் முட்டிற்று. பிழை நம்முடையதே, அவசரமே காரணம். முன்புறப் பம்பரின் மேலுறை பிளந்து தொங்கியது. வேறொரு சேதமும் கண்ணுக்குத் தென்படவில்லை. பட்டறைக்குக் கொண்டுபோகலாமென்று எண்ணியபோது, மனத்தில் ஒரு நாணம் எழுந்தது. நெம்புகோலின் தத்துவத்தை ஆங்கிலப் பள்ளியில் படித்து அதிக மதிப்பெண் வாங்கிய நாம், பதினைந்து ஆண்டுகளாக வண்டி ஓட்டியும் ஒரு மரையாணியைக் கழற்றியதில்லையே! இம்முறை நாமே செய்து பார்ப்போமெனத் துணிந்தோம். பழைய உதிரிப் பாகம் விற்கும் கடையொன்றில் அதே நிறத்து மேலுறை 250 வெள்ளிக்குக் கிடைத்தது.

லயத்து முதியவர் ஒருவர் அவ்வழியே வந்தார். மண்ணில் முழந்தாளிட்டிருந்த நம்மைக் கண்டு பதறி, "கிராணி ஐயா, இதெல்லாம் நீங்கள் செய்கிற வேலையா? எழுந்திருங்கள், பையனைக் கூப்பிடுகிறேன்" என்றார். அன்பினால் கூறியதுதான். ஆயினும் அச்சொல்லில் ஒரு நூற்றாண்டுக்கு மேற்பட்ட சரித்திரம் அடங்கியிருக்கிறது. ஆங்கிலம் கற்றவன் பேனாவைத் தொடுவான், கல்லாதவன் கத்தியைத் தொடுவான் என்று வெள்ளைத் துரைமார் காலத்தில் தோட்டம் வகுக்கப்பட்டது. எவன் எதைத் தொடலாம், எதைத் தொடலாகாது என்னும் பிரிவினையை நாம் கப்பலேறும்போதே கொண்டுவந்திருந்தோம். ஆகவே புதிய ஏற்பாடு நமக்குப் புதியதாகத் தோன்றவேயில்லை. ஜாதியை ஒழிக்க வேண்டுமென்று பேசுவோர், "இது நீங்கள் தொடும் வேலையா?" என்னும் கேள்வியையும் சேர்த்தே ஒழிக்க வேண்டும்.

கைபட்டுக் கற்றவர்க்குத் தமிழரிடையே முன்மாதிரி இல்லாமலில்லை. கோயம்புத்தூர் ஜி. டி. நாயுடு பள்ளிப் படிப்பை நாடாதவர். இளமையில் ஓர் ஆங்கில அதிகாரியின் மோட்டார் சைக்கிளைக் கண்டு மயங்கி, உணவு விடுதியில் பணியாற்றிப் பொருள் சேர்த்து அதை வாங்கினார். வாங்கியதும், அதன் உறுப்புகளைப் பிரித்துப் பார்த்து மீண்டும் பூட்டினார். 1920-இல் பொள்ளாச்சிக்கும் பழனிக்குமிடையே பஸ் ஓட்டத் தொடங்கியவரும் அவரே. தென்னாப்பிரிக்காவில் 1910-இல் அமைந்த டால்ஸ்டாய் பண்ணையில் தமிழர் பலர் வாழ்ந்தனர். அங்கே பாரிஸ்டர் காந்தியும் செருப்புத் தைக்கக் கற்றார். அதனால் அவரது கௌரவம் குறைந்ததென்று கூறுவாருண்டோ?

நிற்க. வேலை நாம் அஞ்சியதுபோல் அவ்வளவு கடினமன்று. பானெட்டைத் திறந்தால் மேல் விளிம்பில் வரிசையாகப் பிளாஸ்டிக் கிளிப்புகள் இருக்கும். அவற்றின் நடுக்குமிழை முதலில் நெம்பி எடுக்க வேண்டும். சக்கர வளைவுகளின் உட்புறத்தில் பக்கத்திற்கு ஒன்றிரண்டு திருகாணிகள்; அடியிலும் சில. கழற்றியவற்றை வந்த வரிசையிலேயே ஒரு தட்டில் வைத்தால் பூட்டும்போது குழப்பம் நேராது. பின்னர் இரு ஓரங்களையும் வெளிப்புறமாக மெல்ல இழுத்தால் மேலுறை கழன்றுவிடும். பனிவிளக்கின் கம்பி இணைப்பை மறந்து இழுப்பவன் அதனை அறுத்துவிடுவான். நாமும் அறுக்க இருந்தோம், தெய்வாதீனமாகத் தப்பிற்று. ரேடார் முதலிய கருவிகள் பொருந்திய புதிய வண்டிகளில், மாற்றிய பின் அவற்றை நேர்செய்ய வேண்டியிருக்குமாதலால், அது பட்டறைக்கே உரிய வேலை.

மேலுறை கழன்றபோதுதான் நாம் எதிர்பாராத ஒன்றைக் கண்டோம். பம்பர் என்று நாம் அழைப்பது உண்மையில் பம்பரே அன்று. பழைய வண்டிகளில் வெளியே தெரிந்த இரும்புச் சட்டமே அடியைத் தாங்கிற்று. 1972-இல் வந்த பிரெஞ்சு ரெனால்ட் 5 போன்ற வண்டிகளுக்குப் பின் பிளாஸ்டிக் பம்பர் உலகெங்கும் பரவியது. இக்காலத்து மேலுறை காற்றைக் கிழிக்கவும் கண்ணைக் கவரவும் அமைந்தது. பலத்த அடியைத் தாங்குவது அதன் பின்னால் மறைந்திருக்கும் குறுக்குச் சட்டமே. வேகம் இருமடங்கானால் மோதலின் ஆற்றல் நான்கு மடங்காகும். அவ்வாற்றலை முதலில் ஏற்பது அச்சட்டம். நமது வண்டியில் அது வளைந்திருந்தது. அதனைத் தாங்கிய பற்றுகளுள் ஒன்றில் விரிசலும் கண்டிருந்தது.

இங்கேதான் உண்மையான சோதனை. அவ்வண்டியை விற்பதாக ஏற்கெனவே வாக்களித்திருந்தோம். வாங்க இருந்தவன், ஓய்வு பெற்ற பால்வெட்டுத் தொழிலாளி ஒருவரின் மகன். குளுவாங்கில் தொழிற்சாலை வேலை கிடைத்து, மனைவியும் கைக்குழந்தையுமாய் அங்கே குடியேற இருந்தான். "கிராணி ஐயா வண்டி, பார்க்கத் தேவையில்லை" என்று சொல்லிவிட்டான். புது மேலுறையை மாட்டினால் வளைந்த இரும்பை யார் காண்பார்? ஒரு கால்மணி நேரம் அந்த எண்ணத்தோடு மண்ணிலேயே உட்கார்ந்திருந்தோம். இதனை ஒளிப்பதில் பயனில்லை.

வேலையைப் பிறரிடம் விட்டிருந்தால், "எனக்கென்ன தெரியும்?" என்று சொல்லித் தப்ப இடமிருந்திருக்கும். தன் கையால் திறந்தவனுக்கு அப்புகலிடம் இல்லை. கையுழைப்பால் காசு மிஞ்சுவது சிறு இலாபம். அறியாமை என்னும் சாக்கு ஒழிவதே பேரிலாபம் என்பதை அன்று உணர்ந்தோம். அன்றியும், அவ்விளைஞனின் நம்பிக்கை எதன்மீது நின்றது? நமது குணத்தின்மீதன்று, கிராணி என்னும் பட்டத்தின்மீது. பட்டமும் ஒரு மேலுறையே. உள்ளே இரும்பு வளைந்திருந்தாலும் அது பளபளக்கும்.

மறுநாள் ஊரிலுள்ள தமிழ் மெக்கானிக்கு ஒருவரிடம் வண்டியைக் கொண்டுசென்றோம். அவரும் தோட்டத்துப் பிள்ளையே. "மேலே உள்ளதை நீங்கள் மாட்டிக்கொள்ளுங்கள், அண்ணே; சட்டத்தை மட்டும் என்னிடம் விடுங்கள். வளைந்ததை அடித்து நிமிர்த்தக் கூடாது, மாற்றத்தான் வேண்டும்" என்றார். தாமே செய்துகொள்வோரால் இவர்களுடைய பிழைப்புக் கெடாதா என்று கேட்பாரும் உளர். நமது அனுபவம் வேறு. முன்பெல்லாம் அவர் கூலி கேட்டால் பத்து வெள்ளியாவது குறைத்துத்தான் கொடுப்போம். ஒரு கிளிப்பைக் கழற்ற விரல் நோவெடுத்த பின், அவர் கேட்டதைக் கேட்டபடி கொடுத்தோம். உழைப்பின் விலையை உழைத்தவனே அறிவான்.

புது மேலுறை ஒருபுறம் சற்றே இடைவெளி விட்டு நிற்கிறது. வெயிலில் வெளுத்த வண்டியின் நிறத்தோடு முற்றிலும் ஒத்துப்போகவுமில்லை. வாங்க வந்த இளைஞனிடம் நடந்தது அனைத்தையும் கூறிப் பழைய சட்டத்தையும் எடுத்துக் காட்டினோம். அவன் நெடுநேரம் அதனைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். பிறகு விலையில் 300 வெள்ளி குறைக்கக் கேட்டான், மறுக்காமல் குறைத்தோம். "ஐயா வண்டி, பார்க்கத் தேவையில்லை" என்ற அவன், இப்போது குனிந்து அடிப்பக்கத்தையும் பார்த்தான், சக்கரங்களையும் பார்த்தான். நமக்கு மகிழ்ச்சியே உண்டாயிற்று. கற்றவன் சொல்லைக் கண்மூடி நம்பாமல், தானே குனிந்து பார்க்கும் பழக்கம் நம்மவரிடம் வளருமாயின், நாம் இழந்த 300 வெள்ளி பெரிதன்று.

கற்ற இளைஞர்களை நாம் கேட்டுக்கொள்வது இதுவே: வாரத்தில் ஒரு நாழிகையேனும் கையை அழுக்காக்குங்கள். அழுக்கு சோப்பினால் போய்விடும். உள்ளே வளைந்ததை வெளிப்பூச்சால் மறைக்கும் பழக்கமோ எச்சோப்பினாலும் போகாது.