பழக்கமும் இருவினையொப்பும்



பெருநிகழ்ச்சிகள் ஒருவனது மனநிறைவை எத்துணைக் காலம் மாற்றி வைக்கும் என்னும் வினா மேனாட்டு உளநூலாரையும் பற்றியுள்ளது. 1978ஆம் ஆண்டிலே பிரிக்மன் என்பாரும் துணைவர் இருவரும் அமெரிக்க நாட்டு இலினாய் மாநிலத்தில் பரிசுச்சீட்டால் பெரும்பொருள் எய்தினார் 22 பேரையும், விபத்தினால் உறுப்புச் செயலற்றார் 29 பேரையும் வினாவி ஆராய்ந்து வெளியிட்டனர். பொருள் எய்தினார் ஏனையோரினும் மிக்க மகிழ்ச்சியுடையராய்க் காணப்பட்டிலர்; காலையுணவு, நண்பரொடு உரையாடல் முதலிய சிறு நுகர்ச்சிகளில் அவர்க்கு இன்பம் குறைந்துமிருந்தது. உறுப்பிழந்தாரது மகிழ்ச்சி தாழ்ந்ததாயினும், பிறர் எண்ணுமளவு தாழ்ந்திலது. செருமனியில் 1984 முதல் ஆண்டுதோறும் எடுக்கப்பெறும் கணக்கை 2003இல் லூக்கசு முதலியோர் ஆராய்ந்தபொழுது, மணத்தால் எழுந்த உவகை சில்லாண்டில் அடங்கினமையும், துணையை இழந்தார் முன்னை நிலையை அணுகச் சராசரி 8 ஆண்டு சென்றமையும் புலனாயின.

இது நமக்குப் புதிதன்று. சார்ந்ததன் வண்ணமாதல் உயிரின் இயல்பென்பது நம் சித்தாந்தம். செல்வத்தைச் சார்ந்த உயிர் அச்செல்வத்தின் வண்ணமேயாய் அழுந்திவிடின், அதனை வேறுவைத்து மகிழ்தல் யாங்ஙனம் கூடும்? பிராரத்தம் தந்த நுகர்ச்சி பழகிப்போதலின் காரணம் இதுவே என்க.

அற்றேல், எல்லாரும் காலத்தால் பழைய நிலைக்கு மீள்வராகலின், அதுவே இருவினையொப்பு ஆகாதோவெனின், ஆகாது. இருவினைப்பயன் இரண்டன்கண்ணும் விருப்பு வெறுப்பின்றி அறிவு ஒப்ப நிற்றலே இருவினையொப்பு. பழக்கமோ அறிவின் தொழிலன்று, மரத்துப்போதல். பழைய புண் ஆறினாலும் புதிய முள்ளுக்கு உயிர் முன்போலவே துடிக்கும்.

எளியேன் மனைவியை இழந்து ஒன்பதாண்டு ஆகின்றது. முதல் ஈராண்டும் பூசையில் மனம் நின்றிலது. இன்று பந்தியிலமர்ந்து உண்கின்றேன், நகைக்கின்றேன். அன்பர் ஒருவர் இதனைக் கண்டு, ‘தங்கட்கு இருவினையொப்பு வாய்த்தது’ என்று போற்றினார். யானும் உள்ளூர மகிழ்ந்தேன், மறைப்பானேன்? அடுத்த திங்களில் ஓர் அவைக்கண் என் பெயர் இளையார் ஒருவரது பெயர்க்குப் பின்னர் அழைக்கப்பட்டது. அன்றிரவு முழுதும் உறங்கிற்றிலேன். மனைவியின் பிரிவைத் தாங்கியதாக எண்ணிய நெஞ்சு, பெயர் வரிசைக்குப் புழுங்கிற்று! உற்றது ஒப்பன்று, பழக்கமே என்று அப்பொழுதே தெளிந்தேன்.

திருப்புகலூரில் உழவாரத் தொண்டு செய்த அப்பர் பெருமான், பொன்னும் மணியும் தோன்றக் கண்டு, பருக்கைக் கற்களோடு ஒருங்கே குளத்தில் எறிந்தனர் என்பது சேக்கிழார் வரலாறு. பொன் அவர்க்குப் பழகிச் சலித்த பொருளன்று. கண்ட அக்கணத்தே கல்லோடு ஒத்தது.

துன்பத்தை உணராதிருத்தலே ஒப்பு என்பாரும் உளர். அவர் ஆரூரர் சரிதத்தை நோக்குக. திருவொற்றியூர் எல்லையில் கண்ணிழந்த பெருமான் அதற்குப் பழகி அமைந்தாரல்லர். தலந்தோறும் சென்று இறைவனிடமே முறையிட்டு, காஞ்சியில் இடக்கண்ணும் திருவாரூரில் வலக்கண்ணும் பெற்றனர். அவர் துயரைக் காலத்தினிடம் ஒப்படைத்திலர். தோழரிடமே கொண்டு சென்றனர். யானோ ஒன்பதாண்டும் காலத்தையே நம்பியிருந்தேன்.